கரெண்ட் போய்வந்ததிலிருந்து டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை: மதர்போர்டை மாற்றும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டையில் வீடு. ஈபி பராமரிப்புக்காகக் காலையில் கரெண்டை நிறுத்தினார்கள், மதியம் வந்தது. அதிலிருந்து ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப்பில் பவர் பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. முந்தின ராத்திரி வரை நன்றாக ஓடிய மெஷின். தெருமுனை சர்வீஸ் கடையில், “போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். முந்தின ராத்திரி வரை ஓடி, கரெண்ட் முழுசாக நின்று திரும்பியதும் எழாமல் போன மெஷினில் பெரும்பாலும் கைவிட்டிருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு கரெண்டைப் போர்டுக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும், கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி. அதற்கும் முன்னால், சுவரிலிருந்து கேபினெட் வரைக்குமான வழியில் யூபிஎஸ், ஸ்பைக் பஸ்டர், பவர் கார்டு என்று மூன்று நான்கு இடங்கள் இருக்கின்றன. போர்டும் கெட்டிருக்கலாம், ஆனால் அதை அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

“ஆன் ஆகலை” என்று நாம் சொல்வதில் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அழுத்தினால் எதுவுமே இல்லை என்பது ஒன்று. ஃபேன் லேசாக அசைந்து உடனே நின்றுவிடுவது இன்னொன்று. அங்கே எஸ்எம்பிஎஸ் எழப் பார்க்கிறது, ஏதோ ஒரு இடத்தில் ஷார்ட் இருப்பதால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் ராம், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் கேபிள் பக்கம் போக வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பயனில்லை. ஆன் ஆகி நாலைந்து வினாடியில் தானே அணைகிறது என்றால் பவர் பட்டனே உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். பட்டனைச் சுமார் 4 வினாடி அழுத்திப் பிடித்தால் மெஷின் அணையும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். உங்களுடையது முதல் வகை, அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

கரெண்ட் போய்வந்ததும் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற சோதனைகள் தாமாகவே விளங்கும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு சிறு பகுதி தூங்குவதே இல்லை. ப்ளக்கில் கரெண்ட் இருக்கும்வரை அது 5 வோல்ட்டைப் போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்ட்பை சப்ளை என்பது இதுதான். நீங்கள் பட்டனை அழுத்துவதைப் போர்டு உணர்ந்து, எஸ்எம்பிஎஸ்ஸை முழுசாகக் கிளப்புவதற்கு இந்த 5 வோல்ட் வேண்டும். அந்தச் சர்க்யூட்டில் சின்னச் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ராப்பகலாக சூட்டிலேயே இருப்பதால் வருடங்கள் போகப்போக உள்ளிருக்கும் திரவம் காய்ந்துவிடும். காய்ந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை முழுசாக நின்று ஆறிவிட்டால் திரும்பக் கிளப்பத்தான் அதனால் முடியாது. அரை நாள் பவர் கட் அந்த நோயை வெளியே காட்டிவிடும், நோய் பல மாதமாகவே இருந்திருக்கும். சமீப காலமாகப் பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்ததா, ப்ளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆன் ஆனதா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. கரெண்ட் திரும்பும் நொடியில் தெருவில் உள்ள ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும். வோல்டேஜ் இறங்கி ஏறும். அந்த அடியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபியூஸ் போகலாம், அல்லது அது தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டிக்கொண்டிருந்தால் செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

அதனால் முதலில் அதைச் செய்யுங்கள். பவர் கார்டைப் பின்பக்கத்திலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு யூபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எதுவும் நடுவில் இல்லாமல், டேபிள் ஃபேன் போட்டு ஓடுகிறது என்று உறுதி செய்த சுவர் ப்ளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புப் பூட்டு உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும்வரை விடுபடாது, அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

பவர் கார்டை மாற்றிப் பார்க்க வெளியே வாங்கப் போக வேண்டாம். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் கேபினெட்டுக்கும் ஒரே மாதிரி மூன்று பின் கார்டுதான். மானிட்டருடையதை எடுத்து இதில் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சின்ன சுவிட்ச் இருந்தால் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். கூட்டும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகிக் கிடப்பது நிஜமாகவே நடக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளி நம் ஊர் கரெண்டைக் கொடுத்தால் அந்த நொடியே வெடித்துவிடும், பிள்ளைகள் கைபடாமல் டேப் ஒட்டிவிடுங்கள்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்களில் உள்ளது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. பேட்டரி செத்த சில யூபிஎஸ்கள் கரெண்ட் வந்த பிறகும் அவுட்புட் கொடுக்காமல் நிற்கும், முன்னால் பச்சை விளக்கு மட்டும் எரியும். நேரடியாகச் சுவரில் போட்டதும் மெஷின் எழுந்தால் கோளாறு அங்கேதான்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் கேபினெட்டைத் திறக்கலாம். கழற்றும் வேலை, சொருகும் வேலை எதுவானாலும் பவர் கார்டை உருவிவிட்டுச் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். கார்டை உருவிய பிறகும் உடனே இறங்கிவிடாது. ஃபியூஸை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். அதுவும் வேண்டாம், உள்ளே ஃபியூஸ் போயிருந்தால் பெரும்பாலும் வேறொன்று வெடித்ததால்தான் போயிருக்கும்.

திறந்ததும் மூக்கும் கண்ணும் முதலில் வேலை செய்யட்டும். கருகிய வாடை எஸ்எம்பிஎஸ் ஜன்னலில் வருகிறதா, போர்டில் வருகிறதா? சிபியூ (புராசசர் சிப்) ஃபேனைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ போர்டில் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். முன்பக்க யூஎஸ்பி ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்பின் வளைந்து, கேபினெட் தகடைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரு ஷார்ட்டே முழு மெஷினையும் எழவிடாது. அப்புறம் பல்லி, கரப்பான், எறும்பு. எஸ்எம்பிஎஸ் கதகதப்பாக இருப்பதால் தேடி வந்து குடியிருக்கும். எலி ஒயரைக் கடித்திருப்பதும் குடோன்கள் நிறைந்த பகுதிகளில் சகஜம்.

அடுத்து பவர் பட்டன். இதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். சில ரூபாய் சுவிட்ச் ஒன்று துருப்பிடித்ததற்காகப் போர்டையே மாற்றியவர்கள் உண்டு. கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஒயர்கள் போர்டின் கீழ் வலது மூலையில் ஒரு பின் வரிசையில் சேரும். பெரும்பாலான போர்டுகளில் இரண்டு வரிசையாக 9 பின்கள். அதில் 6, 8 பவர் சுவிட்சுக்கு, 5, 7 ரீசெட்டுக்கு. போர்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும், மொபைலில் ஜூம் செய்து படமெடுத்தால் படிக்கலாம். பவர் சுவிட்ச் ஒயரை உருவிவிட்டு, கரெண்ட் கொடுத்து, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு வினாடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்குள்தான், ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்களில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் எழுந்தால் குற்றவாளி பட்டன். புதுப் பட்டன் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து 6, 8இல் சொருகிவிடுங்கள். இனி ரீசெட்டை அழுத்தினால் ஆன் ஆகும். செலவு ஒன்றுமில்லை, வருடக்கணக்கில் இப்படியே ஓட்டலாம்.

ஸ்க்ரூ டிரைவர் தொட்டும் எழவில்லையா? இப்போது மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். போர்டில் சொருகியிருக்கும் பெரிய 24 பின் கனெக்டரைக் கழற்றாமல், ஒயர் நுழையும் பின்பக்கத்து ஓட்டை வழியாகவே மீட்டரின் சிவப்பு முனையை விட்டு அளக்கலாம். கறுப்பு முனை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில், அல்லது கேபினெட்டின் பெயின்ட் இல்லாத தகட்டில்.

ஊதா ஒயர் முதலில். ப்ளக் போட்டிருந்தால், பட்டனை அழுத்தாமலே இங்கே 5 வோல்ட் இருந்தாக வேண்டும், 4.75 முதல் 5.25 வரை சரி. பூஜ்யம் காட்டினால், அல்லது 2, 3 என்று ஆடிக்கொண்டிருந்தால், உடனே தீர்ப்பு எழுதிவிடாமல் ஒரு வேலை செய்யுங்கள். கரெண்டை நிறுத்தி, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, மறுபடி கரெண்ட் கொடுத்து அதே ஊதாவை அளந்து பாருங்கள். இப்போதும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது, சந்தேகமே வேண்டாம். கழற்றியதும் 5 வோல்ட் வந்துவிட்டால் போர்டோ, அதில் சொருகிய யூஎஸ்பி பொருள் ஏதாவதோ அதைக் கீழே இழுக்கிறது. கீபோர்டு, மவுஸ், டாங்கிள் எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஊதா சரியாக இருந்தால் பச்சை ஒயர். மெஷின் அணைந்திருக்கும்போது இங்கே 3 முதல் 5 வோல்ட் வரை இருக்கும். பவர் பின்களைத் தொட்டதும் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். பச்சையைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுப்பதுதான் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுக்கும் உத்தரவு. ஊதாவில் 5 இருந்தும் பச்சை இறங்கவே இல்லை என்றால் போர்டு உத்தரவு கொடுக்கவில்லை என்று அர்த்தம், கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். பச்சை இறங்கியும் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வரவில்லை என்றால், எஸ்எம்பிஎஸ் உத்தரவைக் கேட்டும் எழ முடியாமல் கிடக்கிறது. அல்லது எழுந்த நொடியே ஷார்ட்டைப் பார்த்துப் படுத்துவிட்டது. இவை எல்லாவற்றிலும் 5 சதவீதம் கூடக் குறையலாம், மஞ்சள் 11.4க்குக் கீழே போனால் ஏற்காதீர்கள். எல்லாம் வந்தும் சாம்பல் ஒயரில் 5 வோல்ட் வரவில்லை என்றால், மின்சாரம் நிலையாக இல்லை என்று எஸ்எம்பிஎஸ்ஸே சொல்கிறது. சாம்பல் வராமல் போர்டு வேலையைத் தொடங்காது.

புது எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் ஒயர்கள் எல்லாமே கறுப்பாக வரும், அங்கே நிறத்தை நம்ப முடியாது, மேனுவலில் உள்ள பின் படத்தைப் பாருங்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் வரும் டெல், ஹெச்பி, லெனோவோ மெஷின்கள் பலவற்றில் 24 பின்னே கிடையாது, அவர்களுடைய சொந்தக் கனெக்டர். அவற்றில் மேலே சொன்ன நிறக்கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னாலேயே சோதனைப் பட்டனும் குட்டி விளக்கும் உண்டு. அழுத்தினால் பச்சை எரிய வேண்டும்.

மல்டிமீட்டர் இல்லாதவர்கள் செய்யும் பேப்பர் கிளிப் சோதனையும் சொல்லிவிடுகிறேன். கரெண்டை நிறுத்தி, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லாக் கனெக்டர்களையும் போர்டு, ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, 24 பின்னில் பச்சையையும் பக்கத்திலுள்ள கறுப்பையும் ஒரு கம்பியால் இணைத்து, கையை எடுத்த பிறகு கரெண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். சூடானால் மட்டும் ஃபேன் ஓடும் மாடல்களும் உண்டு, அதனால் ஒரு பழைய கேபினெட் ஃபேனையோ டிவிடி டிரைவையோ சேர்த்துச் சொருகுவது நல்லது. சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் அவுட். சுற்றினால், முழு லோடில் தாங்கும் என்று உறுதி கிடையாது. ஆளைத் தூக்கி நிறுத்தியாயிற்று, மூட்டையைச் சுமப்பானா என்பது வேறு சோதனை. அதற்கு நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்து மெஷின் எழவில்லை என்றால் போர்டைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி, கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யூஎஸ்பி, ஆடியோ ஒயர்கள் எல்லாம் வெளியே. போர்டு, கூலரோடு சிபியூ, ஒரே ஒரு ராம், 24 பின், சிபியூ பக்கத்தில் சொருகும் 4 அல்லது 8 பின், இவை போதும். எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான். எழவில்லை என்றால் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து முயலுங்கள். போர்டுக்குக் கீழே உருண்டு போன ஒரு திருகு தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் லேத் பட்டறையை ஒட்டிய ஆபீஸ் என்றால் இரும்புத்தூளைத் தேடிப் பார்க்க வேண்டும். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி கேபினெட்டின் அடித்தகட்டில் தடவினால் தெரிந்துவிடும். காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரியையும் கழற்றி அளந்துவிடுங்கள். 3 வோல்ட் பேட்டரி அது, 2.7க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். பேட்டரி இறங்கினால் பெரும்பாலும் தேதிதான் மாறும், ஆனால் சில போர்டுகள் எழவே மறுக்கும். கழற்றியதைப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும்.

வடசென்னையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உப்புக்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் காற்றோடு உப்பு வந்து படியும். அதோடு கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, எண்ணூர், மணலி பக்கம் சாம்பல் தூள். வெறும் தூசி மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு கலந்த தூசி ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உறிஞ்சினால் கடத்தும், செம்பில் பச்சை பூக்கும், ராமின் தங்கப் பூச்சு கறுக்கும். அதனால் ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை வெள்ளை அழிரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். புளோயர் அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். மழைக்காலத்தில் மெஷினை வாரக்கணக்கில் மூடிவைக்காமல் தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

எர்த்தும் கவனிக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி இடங்களின் பழங்கால வீடுகளில் மூன்று ஓட்டை ப்ளக் இருக்கும், மூன்றாவது ஓட்டையில் ஒயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று உறுத்துவது அதனால்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் தகட்டை மெயின்ஸின் பாதி வோல்டேஜுக்கு ஏற்றி வைக்கும். கசிவு சின்னதுதான் என்றாலும் எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டரின் பாதுகாப்பும் பாதிதான். எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230ஐ ஒட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்குள்.

வெள்ளத்தில் நனைந்த மெஷினுக்கு மேலே சொன்ன எந்தச் சோதனையும் பொருந்தாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் வீட்டுக்குள் வந்தது சாக்கடை கலந்த தண்ணீர், 2023இல் எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்திருந்தது. அப்படி நனைந்ததை ஆன் செய்தே பார்க்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஆல்கஹால் விட்டு, நாலைந்து நாள் நிழலில் காயவைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஹார்ட் டிஸ்க்கில் முக்கியமானது இருந்தால் கரெண்ட் கொடுக்காமல் டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊதாவில் வோல்ட் இல்லை என்று தெரிந்தால் எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்குங்கள். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போங்கள், அளவும் கனெக்டரும் பொருந்த வேண்டும். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் ரகத்தில் பெட்டி மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை விட்டுவிட்டு பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 15 ஆம்பியர் என்றால் அந்த லைனில் கிடைப்பது 180 வாட் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு மெஷினுக்கு அது ஓடும். கார்டு இருந்தால் 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ள, 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரும் ஒன்றை வாங்குங்கள். கையில் தூக்கிப் பார்த்தால் காற்றடைத்த டப்பா மாதிரி லேசாக இருப்பதை வாங்காதீர்கள்.

ஊதா சரியாக இருந்து பச்சை இறங்கவில்லை என்றால் அதே கடைக்காரரிடமே போகலாம், ஆனால் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாத்தீங்களா? ஸ்டாண்ட்பை எவ்ளோ காட்டுச்சு?” ஒழுங்காகப் பார்த்தவர் அந்த எண்ணை உடனே சொல்வார், மீட்டரை வைத்துக் காட்டவும் செய்வார். போர்டு நிஜமாகவே போயிருந்தால், ஆறு வருடப் பழைய போர்டுக்குப் புதுசு கிடைப்பது கஷ்டம். செகண்ட் ஹேண்ட் போர்டா, சிபியூவும் ராமும் சேர்த்துப் புது செட்டா என்று விலை கேட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் கடையில் விடும் முன் உங்கள் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஆன் ஆகிறதா என்று பார்க்க அவை தேவையே இல்லை.